முத்திரை இல்லாத உறவு

சகோதர நகரம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது இலக்கிய நண்பர்களுக்குச் சிரிப்பு வருகிறது. மேயர்மார் வெளிநாடு போய்வருவதற்கு வைத்த பெயர் அது என்கிறார்கள். ஒரு விருந்து, ஒரு பொன்னாடை, நகர வாசலில் ஒரு பெயர்ப்பலகை. நானும் சிரித்தவன்தான். ரஃபாவின் கதையை அறிந்த பிறகு அப்படிச் சிரிக்க முடியவில்லை.

ரேச்சல் கொரியை நமக்குத் தெரியும். 2003 மார்ச் 16இல், ரஃபாவில் ஒரு பலஸ்தீனக் குடும்பத்தின் வீட்டை இடிக்க விடாமல் இஸ்ரேலிய இராணுவ புல்டோசரின் முன்னால் நின்று உயிரிழந்த 23 வயது அமெரிக்கப் பெண். அவர்மேல் நம்மவர் பலர் கவிதை பாடினார்கள். என்னிடமும் ஒன்று உண்டு. நல்ல கவிதை அல்ல. ஆனால் அவர் கொண்டுபோன வேலைகளில் ஒன்று, தனது ஊரான ஒலிம்பியாவையும் ரஃபாவையும் சகோதர நகரங்களாக்குவது என்பதை நம் கவிதைகள் ஏன் சொல்லவில்லை? இரங்கற் பாவுக்கு மரணம் போதும், வேலைத்திட்டம் தேவையில்லை போலும்.

அவருக்குப் பின் ஊரார் அதைத் தொடர்ந்தார்கள். 2007இல் ஒலிம்பியா நகரசபை அங்கீகாரம் தர மறுத்தது. ஊர் பிளவுபடும் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். முத்திரை கிடைக்காதவர்கள் கலைந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நகர நடுவில் ஒரு கட்டடச் சுவரை நிறைத்து ஒலிவ மரம் வரைந்தார்கள். அதன் இலைகளைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொண்டன.

முத்திரை கிடைத்தவர்களின் கதையையும் பார்ப்போம். ஜேர்மன் குண்டுகளால் எரிந்த கொவென்ட்ரி நகரத்துப் பெண்கள் 800க்கும் மேற்பட்டோர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, ஒரு மேசை விரிப்பில் தம் பெயர்களைத் தைத்து ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரு நகரங்களும் இணைந்தன. உக்ரேன் யுத்தம் வந்ததும், 2022இல் கொவென்ட்ரி நகரசபை அந்த உறவை இடைநிறுத்தியது. சபை தந்ததைச் சபை எடுத்துக்கொண்டது. தைத்த பெயர்களை எந்தத் தீர்மானம் பிரித்தெடுக்கும்?

இதெல்லாம் வெள்ளைக்காரரின் மனச்சாட்சிக்கு ஒத்தடம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். அதில் பாதி உண்மை. ரேச்சலின் பெயர் தெரிந்த நமக்கே, அதே ஆண்டில் ரஃபாவில் இறந்த ஒரு பலஸ்தீனரின் பெயர் தெரியாது. ஆனால் அந்தக் குற்றம் ஒலிம்பியாக்காரருடையது மட்டுந்தானா? எம். ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வந்தது. அதன் பிறகு நாம் கல்லையும் ஒலிவ மரத்தையும் எத்தனை தடவை எழுதித் தேய்த்துவிட்டோம்! ரஃபாவில் எழுதும் ஒருவருக்கு ஒரு கடிதம் போட்டவர் நம்மில் யார்? ஒலிம்பியாக்காரருக்கு அறபு அந்நிய மொழி. நமக்கோ ஊருக்கு ஊர் அறபுக் கல்லூரி. அந்த மொழி நம்மிடம் ஓதுவதற்கு இருக்கிறது, சுகம் விசாரிக்க இல்லை.

2024இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் ரஃபாவில் ஒதுங்கியிருந்தபோது இஸ்ரேலியப் படை உள்ளே நுழைந்தது. மே 24இல் சர்வதேச நீதிமன்றம் நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. இனி எந்த நகரத்தோடு சகோதரத்துவம் என்று கேட்கிறார்கள். கட்டடத்தோடு உறவு வைத்தவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ரஃபாவின் மனிதர்கள் கூடாரங்களுக்குச் சிதறினார்கள். அவர்களோடு ரஃபாவும் போயிற்று.

பலஸ்தீனச் சிறப்பிதழ் ஒன்றுக்குக் கவிதை கேட்டிருக்கிறார்கள். நான் அனுப்பப் போவதில்லை. ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எங்களூர் மௌலவி ஒருவர் அதை அறபில் பெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முகவரிதான் இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் அறியத் தாருங்கள்.