கட்டியை எடுத்தாச்சு... அப்புறம்? மார்பக சர்ஜரிக்குப் பிறகு யாரும் கேட்காத கேள்விகள்!

அக்டோபர் வந்தாலே நம்ம ஃபீடு முழுக்க பிங்க் ரிப்பன்தான். 'சுயபரிசோதனை பண்ணுங்க, சீக்கிரம் கண்டுபிடிங்க'... எல்லாம் சரி. கண்டுபிடிச்சு, ஆபரேஷனும் முடிஞ்ச பிறகு? அதைப் பற்றிப் பேசும் ரீல்ஸ் அபூர்வம்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பலருக்கு மார்பகத்தை முழுசா எடுக்க வேண்டியதில்லை. கட்டியையும் சுற்றியிருக்கும் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 1970-களில் தொடங்கிய இரண்டு பெரிய ஆய்வுகள், 20 வருஷம் கழித்து 2002-ல் சொன்ன ரிசல்ட் இது: முழுசா எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

ஆனா, எடுத்த இடத்தில் பள்ளம் விழலாம். ரேடியேஷனில் அது இன்னும் சுருங்கலாம். அதைத் தவிர்க்க வந்ததுதான் ஆன்கோபிளாஸ்டிக் சர்ஜரி. அதே ஆபரேஷனில் மீதித் திசுவை நகர்த்தியோ, முதுகுப் பக்கத்திலிருந்து சதையைக் கொண்டுவந்தோ வடிவத்தைச் சரிசெய்வார்கள்.

"உயிர் பொழைச்சதே பெருசு, இந்த வயசுல அழகு எதுக்கும்மா?" - இந்த டயலாக் வராத வீடு குறைவு. தினமும் பிளவுஸ் போடும்போது ஒரு பக்கம் தொளதொளன்னு இருப்பதைப் பார்ப்பவருக்கு அது வெறும் அழகுப் பிரச்னை இல்லை.

அதுக்காக இது ரிஸ்க்கே இல்லாத சிகிச்சை என்று சொல்ல வரலை. தையல் ஆறத் தாமதமாகலாம், நீர் கோர்க்கலாம், இன்ஃபெக்‌ஷன் வரலாம். ரத்த ஓட்டம் கிடைக்காத கொழுப்பு இறுகி, கல் மாதிரி கட்டியாகத் தென்படலாம். புற்றுநோய் திரும்பிடுச்சோன்னு பயந்து மறுபடி ஸ்கேன், பயாப்சி! சிகரெட் பழக்கமோ, கட்டுப்படாத சுகரோ இருந்தால் ரிஸ்க் கூடும். புண் ஆறவில்லை என்றால் கீமோவும் ரேடியேஷனும் தள்ளிப்போகலாம் என்பதுதான் உண்மையான கவலை. இன்னொன்று, ஓரத்தில் புற்றுசெல் மிச்சமிருப்பதாக ரிப்போர்ட் வந்தால் மறுபடி ஆபரேஷன். திசுவை நகர்த்திய பிறகு பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் சின்ன உலோக க்ளிப் வைப்பது உண்டு. வைப்பீங்களான்னு டாக்டரிடம் முன்பே கேட்டுக்கலாம்.

ஒருகாலத்தில் 'ரிசல்ட் நல்லா வந்திருக்கு' என்பதைப் போட்டோ பார்த்து டாக்டர்களே முடிவுசெய்தார்கள். 2009-ல் வெளியான 'பிரெஸ்ட்-க்யூ' என்ற கேள்வித்தாள் அதைப் பேஷன்ட் கைக்கு மாற்றியது. கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கிறது, பிரா பொருந்துகிறதா என்று கேட்டு 0 முதல் 100 வரை மார்க் போடும். ஆபரேஷனுக்கு முன்பு போதுமான தகவல் சொன்னார்களா என்றும் கேட்கும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தழும்பு எங்கே வரும், எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர்களுக்குப் பின்னாடி வருத்தம் குறைவு. ஐந்து நிமிஷ கன்சல்டேஷனில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

பணம்? 'காஸ்மெட்டிக் சர்ஜரிக்கு க்ளெய்ம் கிடையாது' என்று மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஒரு வரி இருக்கும். அதிலேயே நிறுத்திடாதீங்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது வாசகத்தில் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு விலக்கு உண்டு. இன்னொரு பக்க மார்பகத்தையும் சமப்படுத்தச் செய்யும் சர்ஜரி அதில் சேருமா என்பதை மட்டும், அட்மிட் ஆகும் முன்பே மெயிலில் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.