பாங்கொலியை விட்டுவிட வேண்டாம்

நவம்பர் மாதம் நெருங்கினால் பிரிட்டனில் ஊர்தோறும் சேர்ந்திசைக் குழுக்கள் சுறுசுறுப்பாகிவிடும். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11ஐ ஒட்டி, போரில் மாண்டவர்களை நினைவுகூரும் இசை நிகழ்ச்சிகளைத் தேவாலயங்களிலும் நகர மண்டபங்களிலும் நடத்துவது அங்கே வழக்கம். இந்த நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளில் அடிக்கடி காணப்படும் பெயர், நம் காலத்து இசையமைப்பாளரான சர் கார்ல் ஜென்கின்ஸ். அவர் இயற்றிய ‘ஆயுதம் தாங்கிய மனிதன்: சமாதானத்திற்கான திருப்பலி’ என்னும் இசைப் படைப்பே பெரும்பாலும் பாடப்படுகிறது. வரும் நவம்பர்களிலும் அது பாடப்படும் என்பதில் ஐயமில்லை. அதை முழுமையாகப் பாடுவார்களா என்பதே நம் கேள்வி.

ஜென்கின்ஸ் 1944இல் வேல்ஸ் நாட்டில் பென்க்ளாத் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துச் சேர்ந்திசையையும் நடத்தியவர். மகன் முறையாகச் சங்கீதம் பயின்ற பின் ஜாஸ், ராக் குழுக்களில் வாசித்தார். விளம்பரப் படங்களுக்கும் இசையமைத்தார். ஒரு விமானக் கம்பெனி விளம்பரத்திலும் ஒரு வைர விளம்பரத்திலும் ஒலித்த அவருடைய மெட்டுகள் உலகெங்கும் பரவின. இதனாலேயே மேதாவி விமர்சகர்கள் சிலர் அவரை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. பகலெல்லாம் கடையிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் கூடிப் பாடுகிற சாதாரண மக்களால் பாட முடிகிற இசையை அவர் தந்திருக்கிறார். அது எப்படிக் குறையாகும்?

இந்தத் திருப்பலி இசையைக் கேட்டு வாங்கியது ராயல் ஆர்மரீஸ் என்னும் படைக்கல அருங்காட்சியகம். வாளும் துப்பாக்கியும் காத்து வைக்கும் நிறுவனம், புத்தாயிரத்தை வரவேற்கச் சமாதானத்திற்கு இசை கேட்டது! 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியது. கொசோவோ போரில் பலியானவர்களுக்கு ஜென்கின்ஸ் அதைச் சமர்ப்பணம் செய்தார்.

ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக ஒலிக்கும் இப்படைப்பில் 13 பகுதிகள் உள்ளன. ஆயுதம் தாங்கியவனைக் கண்டு அஞ்சச் சொல்லும் பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்று, படைவீரர் அணிவகுப்பைப் போல முதலில் வருகிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய இசை மேதைகள் பலர் அந்த மெட்டின் மேல் திருப்பலி இசை அமைத்திருக்கிறார்கள். காவடிச் சிந்து மெட்டைக் கச்சேரி மேடையில் கேட்டு மகிழும் நமக்கு இதில் வியப்பில்லை.

அணிவகுப்பு அடங்கியதும் எழுவது பாங்கொலி. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் அதே அரபு வாசகங்கள்தாம். அதையடுத்து ‘ஆண்டவரே இரங்கும்’ என்னும் பொருள்படும் கிறிஸ்தவ வேண்டுதல். பின்னர் கிப்ளிங் வருகிறார். ஹிரோஷிமா குண்டுவீச்சை நேரில் அனுபவித்து 1953இல் மறைந்த ஜப்பானியக் கவிஞர் தோகே சங்கிச்சி வருகிறார். அவரைத் தொடர்வது நம் மகாபாரதம். காண்டவ வனம் தீப்பற்றி எரிகையில் விலங்குகளும் பறவைகளும் கதறி மாண்ட காட்சியை ஜென்கின்ஸ் எடுத்தாண்டிருக்கிறார். ஹிரோஷிமாவின் நெருப்புக்கு அடுத்து காண்டவத்தின் நெருப்பு!

இந்தப் படைப்பைப் பாடும்போது பாங்கை மட்டும் விட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தேவாலயம் கிறிஸ்தவ வழிபாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்ட இடம். அங்கே வேறு மதத்தின் தொழுகை அழைப்பு ஒலிக்கலாமா என்று சில கிறிஸ்தவர்கள் கேட்கிறார்கள். மறுபுறம், பாங்கு தொழுகைக்கான அழைப்பே தவிர மேடையில் பாடிக் கைதட்டல் பெறும் பாட்டல்ல என்று கருதும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் தத்தம் வழிபாட்டின் தூய்மையைக் காக்க நினைப்பவர்களே.

ஆனால் இப்படைப்பு யாருக்காக எழுதப்பட்டது? கொசோவோவில் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அல்பேனிய இனத்தவர். அவர்களில் அநேகர் முஸ்லிம்கள். அவர்களுக்காக இயற்றிய இசையில் அவர்கள் தினமும் கேட்ட அழைப்பை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதையெல்லாம் பாடி அஞ்சலி செலுத்துவது என்ன நியாயம்? பாங்கும் கிறிஸ்தவ வேண்டுதலும் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. போருக்குப் புறப்படுகிறவன் எந்தப் பக்கத்தவனாயினும் கடவுளை வணங்கிவிட்டுத்தான் புறப்படுகிறான் என்பதை அந்த அமைப்பு உணர்த்துகிறது. ஒன்றை நீக்கினால், நம் பக்கத்தவன் மட்டுமே கடவுளை வணங்குகிறவன் என்ற பொருள் வந்துவிடும். போர் மூள்வதற்கு அந்த எண்ணமே போதும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உள்ளூர்ப் பள்ளிவாசலை அணுகி, பாங்கு சொல்பவரையே மரியாதையுடன் அழைக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மேடையில் பாங்கு சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால், அந்த நேரத்தில் சபையினர் மௌனமாக எழுந்து நிற்கட்டும். இங்கே பாங்கு ஒலித்திருக்க வேண்டும் என்பதாவது எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டனில் பாடும் பாட்டுக்கு மும்பைத் தமிழர் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. மும்பையில் 2006இல் தோன்றிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை நிறுவியவர்களில் ஒருவரான வயலின் கலைஞர் மராட் பிசென்கலீவுக்காக ஒரு வயலின் கான்செர்டோ இயற்றியவர் இதே ஜென்கின்ஸ். நரிமன் முனையில் அந்தக் குழுவின் இசையைக் கேட்கச் செல்லும் தமிழர்கள் பலர் உண்டு.

மேலும் இந்நகரம் 1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் கண்ட நகரம். அதே ஆண்டு மார்ச் 12இன் குண்டுவெடிப்புகளையும் கண்டது. தாராவியில் அந்த நாட்களைக் கடந்தவர்களுக்கு, பக்கத்துத் தெருவின் பிரார்த்தனை ஒலி அந்நியமாகத் தோன்றத் தொடங்கினால் என்ன நேரும் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே தாராவியில், எதிரெதிர் வீடுகளில் நாகூர் ஹனீபாவின் குரலும் சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

எனவே இந்தச் சமாதான இசை எந்த ஊரில் அறிவிக்கப்பட்டாலும், நாளை மும்பையிலேயே அறிவிக்கப்பட்டாலும், ரசிகர்கள் டிக்கெட் வாங்குமுன் அமைப்பாளர்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: “13 பகுதிகளும் உண்டா?” 12 மட்டும்தான் என்றால், விட்டுப்போனது எது, ஏன் என்றும் கேட்கட்டும்.