எந்த அண்ணாமலை?

நம் கல்லூரியில் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் ஓர் அண்ணாமலையாவது இருப்பார். கூடவே அருணாசலம், அருணாசலேஸ்வரி, உண்ணாமலை என்று ஒரு கூட்டமே இருக்கும். அண்ணாமலையார் ஆளும் ஊர் இது. பிள்ளைக்குப் பெயர் தேடி வேறெங்கே போவார்கள்? பேராசிரியர் “அண்ணாமலை” என்று அழைத்தால் இரண்டு மூலைகளிலிருந்து “உள்ளேன் ஐயா” என்று குரல் எழும். ஆனாலும் ஒருவர் மதிப்பெண் மற்றவருக்குப் போய்விடுவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து காவல் நிற்கிறது. அதுவும் ஒன்றாகிவிட்டால் தேர்வு எண் இருக்கிறது. கிரிவலப் பாதையில் எட்டும் லிங்கந்தான். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று திசைக்காவலர் பெயர் சேர்ந்து ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுகிறது.

பெயர் மோதினால் தீர்த்துக்கொள்ளும் வழி நம்மவர்க்குப் புதிதன்று. கைப்பேசிச் செயலி எழுத உட்கார்ந்ததும் நம் மாணவர்கள் இதை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கணிப்பொறி படிக்காத நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, திரையில் படத்தின் கீழே நாம் காணும் பெயர். இதைத் தமிழில் எழுதலாம்; எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; ஒரே பெயரைப் பலர் வைத்துக்கொள்ளவும் கூடும். ‘தமிழ் காலண்டர்’ என்று பிளே ஸ்டோரில் தேடிப் பாருங்கள், எத்தனை வந்து நிற்கின்றன என்று! மற்றொன்று ‘பேக்கேஜ் பெயர்’. இது பொதுமக்கள் கண்ணில் படாதது. கைப்பேசியும் பிளே ஸ்டோரும் செயலியை அடையாளம் காண்பது இதைக் கொண்டுதான். பிளே ஸ்டோரில் ஒருவர் எடுத்த பேக்கேஜ் பெயரை மற்றொருவர் எடுக்க முடியாது. எடுத்தவரே பின்னால் மாற்றவும் முடியாது. செயலியையே நீக்கிவிட்டாலும் அந்தப் பெயர் மறுபடி எவருக்கும் கிடைக்காது. முன்னது அண்ணாமலை என்றால் பின்னது தேர்வு எண்.

இந்தப் பெயரை அமைக்கும் முறை ஜாவா மொழியோடு 1990களில் வந்தது. உலகம் முழுதும் நிரல் எழுதுவோர் பெயரில் மோதிக்கொள்ளாதிருக்க, அவரவர் இணைய முகவரியைத் தலைகீழாகத் திருப்பி முன்னே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இணைய முகவரி அஞ்சல் உறை போல, சிறிதிலிருந்து பெரிதுக்குப் போகும். பேக்கேஜ் பெயரோ பெரிதிலிருந்து சிறிதுக்கு வரும். வரலாற்றுத்துறை நண்பர்கள் இங்கே புன்னகை செய்வார்கள் என்று நினைக்கிறேன். சோழர் காலக் கல்வெட்டில் ஓர் ஊரைக் குறிக்கும்போது என்ன செய்தார்கள்? முதலில் மண்டலம், பிறகு வளநாடு, பிறகு நாடு, கடைசியில் ஊர். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்த நாட்டில் தானம் பெறும் நிலம் எது என்பதில் ஐயம் வரக்கூடாதல்லவா? கல்லில் வெட்டியபின் திருத்த இயலாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பேக்கேஜ் பெயரும் கல்லில் வெட்டியதே. கூகுளின் பணப்பரிமாற்றச் செயலி 2017இல் ‘தேஸ்’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே ‘கூகுள் பே’ ஆயிற்று. பெயர் மாறியது, சின்னமும் மாறியது. ஆனால் உள்ளே பேக்கேஜ் பெயர் மட்டும் ‘பைசா’ என்ற சொல்லை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. ட்விட்டர் ‘எக்ஸ்’ ஆகி ஊரே வேறு பெயரால் அழைத்தபின்னும், ஆண்ட்ராய்டுக்கு அது பழைய ட்விட்டர்தான். அத்தனை பெரிய நிறுவனங்களாலேயே மாற்ற முடியாததை, நாம் ஆய்வகத்தில் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அவசரமாகத் தட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

எனக்குத் தெரிந்த மாணவர் மூவர் கிரிவலத்துக்கு ஒரு செயலி செய்தார்கள். நல்ல செயலி. பதினான்கு கிலோமீட்டர் பாதையில் எட்டு லிங்கங்கள், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, மருத்துவ முகாம், தீபத்தன்று தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எல்லாம் வரைபடத்தில் தெரியும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகவே ‘காம்.எக்சாம்பிள்’ என்று தொடங்கும் ஒரு மாதிரிப் பெயரைத் தரும். அதை மாற்றாமலே செய்து முடித்து, வாட்ஸ்அப் வழியாக உறவினர்க்கும் ஊரார்க்கும் அனுப்பினார்கள். முதல் தொல்லை அங்கேயே வந்தது. ஒவ்வொரு செயலியும் ஒரு சாவியால் கையொப்பமிடப்படும். சோதனைக்கான சாவியை ஒவ்வொரு கணிப்பொறியும் தனித்தனியே உண்டாக்கிக்கொள்ளும். மூவரும் தத்தம் மடிக்கணினியில் செய்ததால், ஒருவர் அனுப்பியதன்மேல் மற்றவர் அனுப்பியதை நிறுவப் போனால் ‘பேக்கேஜ் முரண்படுகிறது, நிறுவப்படவில்லை’ என்று கைப்பேசி கைவிரித்தது. பெயர் ஒன்று, கையொப்பம் வேறு! வங்கி அலுவலர் செய்வதைத்தான் கைப்பேசியும் செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு பிளே ஸ்டோருக்குப் போனார்கள். ‘காம்.எக்சாம்பிள்’ அங்கே ஏற்கப்படாது. அது உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். வீடியோப் பாடத்தில் கண்ட ஒரு பெயரைப் போட்டார்கள். அதே பாடத்தைப் பார்த்த எவரோ ஏற்கெனவே எடுத்திருந்தார். கடைசியில் பெயருக்குப் பின்னால் இரண்டு எண்களைச் சேர்த்தார்கள், சேர்ந்தது, கைதட்டினார்கள்.

விளைவு என்ன தெரியுமா? முதலில் வாட்ஸ்அப்பில் பெற்றவர்கள் கைப்பேசியில் பழையது அப்படியே நின்றது. புதியது வேறு பேக்கேஜ் பெயர் ஆதலால், அது பழையதன் திருத்தமாக இறங்காமல் பக்கத்தில் இன்னொரு செயலியாக உட்கார்ந்தது. இரண்டுக்கும் ஒரே படம், ஒரே தமிழ்ப் பெயர். அடுத்த தீபத்தன்று எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவர், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பழையதைத் திறந்து பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு போளூர்ப் பேருந்து நின்ற இடத்துக்கு நடந்தார். இவ்வாண்டு அங்கே பேருந்து இல்லை. அத்தனை கூட்டத்தில், அத்தனை தூரம் திரும்பவும் நடந்தார். செயலி செய்த மூவரும் கெட்டிக்காரர்கள். நிரலில் ஒரு பிழை இல்லை. பெயரில்தான் கோட்டை விட்டார்கள்.

பெயர் மோதினால் என்ன செய்வது? பலர் பதறிப்போய் நிரல் முழுவதையும், கோப்புறைகளையும் பெயர் மாற்றி, ஆயிரம் சிவப்புக் கோடுகளை வரவழைத்துக்கொள்கிறார்கள். அது தேவையில்லை. நிரலுக்குள் வழங்கும் பேக்கேஜ் பெயர் வேறு. உலகத்துக்குக் காட்டும் ‘அப்ளிகேஷன் ஐடி’ வேறு. கிரேடில் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அந்த ஒரு வரியோடு எவையெல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வரைபடத்துக்காக வாங்கிய சாவியைப் பழைய பெயருக்கு மட்டும் என்று வரையறுத்திருந்தால் வரைபடம் வெளுத்துப் போகும். ஃபயர்பேஸ் பயன்படுத்தினால் புதுப் பெயரை அங்கும் பதிந்து, கோப்பைப் புதிதாக இறக்க வேண்டும். சோதனைப் பிரதியும் வெளியிட்ட பிரதியும் ஒரே கைப்பேசியில் இருக்க வேண்டுமானால், சோதனைப் பிரதிக்கு மட்டும் ஒரு பின்னொட்டு சேர்க்கும் வசதி அதே கோப்பில் உண்டு. வைக்கப்போகும் பெயரைப் பிளே ஸ்டோர் முகவரியின் கடைசியில் ஒட்டித் திறந்து பார்த்தால், வெளியான செயலி ஏதும் அதைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருவர் பதிவேற்றி இன்னும் வெளியிடாமல் வைத்திருப்பது மட்டும் தெரியாது. முன்பே வெளியிட்டதைப் பயன்படுத்துவோர் இருந்தால், பழையதற்கு ஒரு கடைசித் திருத்தம் அனுப்பி ‘புதியதை நிறுவுக, இதை நீக்குக’ என்று சொல்லிவிட வேண்டும். அதற்கும் பழைய சாவி வேண்டும்!

எண்ணைச் சேர்ப்பது தீர்வாகாதா என்று கேட்பார்கள். மோதல் தீரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது? எவர் செய்தது, எந்த ஊர், எந்தத் துறை? ஒன்றும் சொல்லாது. 2017 நவம்பரில் வாட்ஸ்அப் நிறுவனத்தின் பெயரையே, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒரு போலிச் செயலி பிளே ஸ்டோரில் நின்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது இறக்கப்பட்டது. திரையில் தெரியும் பெயர் அவ்வளவு எளிதில் ஏமாற்றும். அதனால் உள்ளே இருக்கும் பெயராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பேக்கேஜ் பெயரில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றே அனுமதி. ஆகவே நம் ஊரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்ற பழைய வழக்கு இங்கும் வருகிறது. ‘தி’க்கு எச் போடுவதா, விடுவதா? ரயில் நிலையப் பலகையில் எச் இல்லை. ஊருக்குள் பாதிப் பலகைகளில் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் திருத்தி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அரசாணையைத் திரும்பப் பெறலாம். பேக்கேஜ் பெயரை முடியாது. இன்னொரு வேடிக்கை: நம் நாட்டு இணைய முகவரியின் ஈற்றெழுத்தாகிய ‘இன்’ தலைகீழாகும்போது முதலில் வந்து நிற்கும். கோட்லின் மொழியில் அது ஒதுக்கப்பட்ட சொல். அதனால் நிரலுக்குள் எழுதும் இடமெல்லாம் அதற்கு இருபுறமும் சாய்ந்த குறியிட்டு வேலி கட்ட வேண்டும். ‘பீம்’ செயலியின் அப்ளிகேஷன் ஐடி ‘இன்’ என்றே தொடங்குகிறது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை.

பெயரைவிடப் பெரிய கேள்வி, அது எவர் கையில் இருக்கிறது என்பது. பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனியார் கணக்கானால், செயலியை வெளியிடுமுன் பன்னிரண்டு பேரைக் கொண்டு பதினான்கு நாள் இடைவிடாமல் சோதிக்கவும் வேண்டும். தொடக்கத்தில் இருபது பேர் என்றிருந்து பிறகு குறைத்தார்கள். மூன்றாம் ஆண்டு கடைசிப் பருவத்தில் இதற்கெல்லாம் பொழுதேது? ஆகவே பணம் வாங்கிக்கொண்டு வெளியிட்டுத் தரும் கடைகளைத் தேடிப் போகிறார்கள். கடைக்காரர் தம் பெயரில், தம் சாவியில், தம் கணக்கில் வெளியிடுகிறார். உழைத்தவர் பட்டம் பெற்றுப் போகிறார். செயலி கடையில் தங்கிவிடுகிறது. வேலைக்கான நேர்காணலில் ‘இது நான் செய்தது’ என்று காட்டுமிடத்தில் வேறொருவர் பெயர் நிற்கிறது. ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குச் செயலியை மாற்றித் தரும் வசதி உண்டு. கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி இது இன்னும் இறுகும். பிளே ஸ்டோருக்கு வெளியே பரப்பும் செயலிகளுக்கும், செய்தவர் தம்மை மெய்ப்பித்துப் பேக்கேஜ் பெயரைத் தம் சாவியோடு பதிய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்குப் பரப்புவது அவர்கள் திட்டம். மாணவர்களுக்குக் கட்டணமில்லாக் கணக்கு ஒன்றும் உண்டென்றார்கள். கட்டற்ற மென்பொருள்களைப் பரப்பும் எஃப்-டிராய்டு அமைப்பினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். உலகத்துச் செயலிகளுக்கெல்லாம் ஒரு தனி நிறுவனம் சார்பதிவாளராக அமர்வது எனக்கும் உவப்பாயில்லை. ஆனால் எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் தம் பெயரையும் சாவியையும் தம்மிடமே வைத்திருப்பவர்கள். நம்மிடம் அது இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே கணிப்பொறித் துறைத் தலைவர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆய்வகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்கலாம். செயலி தொடங்கும் நாளிலேயே பேக்கேஜ் பெயர், செய்வோர் பெயர், சாவிக்கோப்பு எங்கே இருக்கிறது, எவர் கணக்கில் வெளியாகும் என்று நான்கு பத்திகளில் எழுதி, வழிகாட்டும் ஆசிரியர் கையொப்பமிடலாம். கல்லூரியின் இணைய முகவரியைத் திருப்பி முன்னே வைத்து, அதன்பின் துறை, அதன்பின் செயலியின் பெயர் என்று ஒரு மரபை வகுத்துக்கொண்டால் நமக்குள்ளும் மோதாது, வெளியாரோடும் மோதாது. சாவிக்கோப்பின் பிரதியொன்று உறையிலிட்டுத் துறை அலமாரியில் இருக்கட்டும். கடவுச்சொல் மட்டும் மாணவரிடம். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெயரும் சாவியும் மாணவருடையவை என்று எழுதி வாங்கிய பின்பே கொடுக்கட்டும். திட்டப்பணித் தலைப்பு எழுதித் தரும் படிவத்தில் ‘பேக்கேஜ் பெயர்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய படிவங்கள் தீரும்வரை பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.