வீட்டுக்கு உதவும் குறிப்புகள்: வண்டி துள்ளுவது ஏன்?

மாட்டுங்காவிலிருந்து பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ சொந்தக் காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. புனே, கோல்ஹாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை சேர ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். பின் ஆசனத்தில் வயது முதிர்ந்த பெற்றோர். டிக்கியில் மூட்டை முடிச்சுகள். புறப்படுமுன் எஞ்சின் எண்ணெயைக் கருத்தாகப் பார்ப்பவர்கள்கூட, வேகத்தடையைத் தாண்டியபின் வண்டி தொட்டில்போல் இரண்டு மூன்று முறை ஆடுவதைப் பொருட்படுத்துவதில்லை. “மெத்தென்று போகிறது” என்று மகிழ்வாரும் உளர். அந்த ஆட்டத்தைச் சௌகரியம் என்று எண்ணுவது ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் நிமிரும். நிமிர்ந்தது அளவு கடந்து எழும்பி மீண்டும் அமுங்கும். இவ்வூசலாட்டத்தை அடக்கவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஷாக் அப்ஸார்பர் அமைந்துள்ளது. எண்ணெய் நிறைந்த குழலுக்குள் சிறு துவாரங்களுள்ள பிஸ்டன் ஒன்று ஏறி இறங்குகிறது. துவாரங்கள் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்கையில் ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிவிடுகிறது. எண்ணெய் கசிந்தாலோ உள்ளுறுப்புகள் தேய்ந்தாலோ ஸ்பிரிங்கை அடக்குவாரில்லை. சக்கரம் தரையைச் சீராக அழுத்தாது. தரையை அழுத்தாத டயருக்குப் பிரேக்கின் பிடிப்பு ஏது? கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கங்களில் மழைநீர் தேங்குவதும், அதனடியில் குழிகள் மறைவதும் நாம் அறிந்தவையே. ஈரச் சாலையில் இக்குறையும் சேர்ந்தால், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் மேலும் நீளும்.

நம்மில் மூத்தவர்கள் பிரீமியர் பத்மினியில் பழகியவர்கள். குர்லாவில் தயாராகி, மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக நெடுங்காலம் ஓடி, 2023 அக்டோபர் இறுதியில் அப்பணியிலிருந்து விடைபெற்ற வண்டி அது. அதன் பின்புறம் அடுக்குப் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். இன்றைய கார்களில் பெரும்பாலும் காணப்படும் சுருள் ஸ்பிரிங்கில் அவ்வுராய்வு இல்லை. பொறுப்பெல்லாம் ஷாக் அப்ஸார்பர் மீதே விழுகிறது. ஆகவே பழைய வண்டியின் அனுபவத்தைக் கொண்டு புதியதை அளத்தல் ஆகாது.

வீட்டு வாசலிலேயே செய்யத்தக்க சோதனைகள் மூன்று. முதலாவது, காற்று. டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளவு பார்க்க வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். காற்று மிகுந்தாலே சிறு மேடுகளிலும் வண்டி குதிக்கும். செலவின்றித் தீரும் கோளாறு இது.

இரண்டாவது, அழுத்திப் பார்த்தல். சமதரையில் வண்டியை நிறுத்திக் கைபிரேக் போடுக. ஒவ்வொரு மூலையிலும், தகடு நசுங்காத உறுதியான இடத்தில், உடல் பாரத்தால் இரண்டு மூன்று முறை அழுத்தி விடுக. எழும்பி உடனே அமர்ந்தால் நலம். ஆடிக்கொண்டேயிருந்தால் அந்த மூலையில் கோளாறு. ஆனால் விறைப்பான ஸ்பிரிங் உள்ள வண்டிகள் கையழுத்தத்துக்கு அசையமாட்டா. அவற்றுக்கு இச்சோதனை மட்டும் போதாது.

மூன்றாவது, கண்ணாலும் கையாலும் ஆராய்தல். டார்ச் விளக்கின் ஒளியில் ஷாக் அப்ஸார்பர் குழலைப் பார்க்கவும். மேலே மெல்லிய ஈரப்படலம் இருந்தால் கவலையில்லை. எண்ணெய் வழிந்து அழுக்கு அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டயரைத் தடவுகையில் இடையிடையே குழிவுகள் தட்டுப்பட்டால் அதுவும் ஓர் அறிகுறி. ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் ‘டக் டக்’ என்னும் ஓசை எழும். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கே உடைந்திருக்கலாம்.

பரிகாரம் என்ன? பல கார்களில் பின்பக்க ஷாக் அப்ஸார்பர் ஸ்பிரிங்கினின்று தனித்து நிற்பதால், ஸ்பானர் பிடிக்கப் பழகியவர் வீட்டிலேயே மாற்றலாம். அதற்கு மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சுக்கும் தாங்கல் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் ஒருபோதும் செல்லலாகாது. ஒன்று கெட்டாலும் இடம் வலம் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுக. இல்லையேல் இரு பக்கமும் ஒத்து இயங்கா.

முன்பக்கத்தின் கதை வேறு. மாருதி 800 முதலாக நம் சிறு கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒன்றாகக் கோத்த ‘மக்பர்சன் ஸ்ட்ரட்’ அமைப்பே பெரிதும் உள்ளது. அதில் ஸ்பிரிங் எப்போதும் நெருக்குண்டே நிற்கும். அதை அடக்கிப் பிடிக்கும் கருவியின்றி உச்சி நட்டைக் கழற்றினால், உயிரைப் போக்கும் விசையோடு தெறிக்கும். இவ்வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுக. வேலை முடிந்ததும் சக்கர நேர்மையையும் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

பட்டறையில் “வண்டி துள்ளுகிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்த மூலை, எத்தனை முறை ஆடுகிறது, எங்கே கசிவு என்று குறித்துச் சொன்னால் வீண் செலவு குறையும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பார்க்கலாம். பிரயாணத்துக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே இச்சோதனைகளைச் செய்து முடித்தால், குறை தெரிந்தாலும் திருத்த அவகாசம் இருக்கும். பின் ஆசனத்துப் பெரியவர்களும் அச்சமின்றி ஊர் சேர்வார்கள்.