ஓஷின் பொறுத்துக்கொண்டாளா?

தொடர்கதையில் கதாநாயகி கண்ணைக் கசக்கினால் பத்திரிகை கூடுதலாக விற்கும் என்று எங்கள் காரியாலயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் ஒரு வருஷம் பூராவும், வாரத்துக்கு ஆறு நாள், காலைப் பலகார வேளையில் ஒரு தேசத்தையே அழ வைக்க முடியுமா? ஜப்பானில் முடிந்திருக்கிறது.

1983 ஏப்ரல் 4-ந் தேதி என்.எச்.கே. டெலிவிஷனில் 'ஓஷின்' என்ற தொடர் ஆரம்பமாயிற்று. தினம் பதினைந்து நிமிஷம். அடுத்த மார்ச் 31-ந் தேதிக்குள் 297 பகுதிகள். டோக்கியோ வட்டாரத்தில் சராசரியாக 52.6 சதவீத வீடுகளில் அது ஓடியது. ஒரு நாள் அந்தக் கணக்கு 62.9-ஐத் தொட்டது. பிறகு 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. ஈரானில் பழைய துணி விற்கிற கடைக்கே 'தானாகூரா' என்று பெயர் வந்துவிட்டது. அது கதையில் ஓஷினுடைய கடையின் பெயர்!

இத்தனைக்கும், எழுதிய ஸுகாகோ ஹஷிதா அம்மையார் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போன டெலிவிஷன் நிலையங்களில் எல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். மெய்ஜி சக்கரவர்த்தி காலத்துப் பழங்கதை, ஏழைக் குடியானவன் பெண், கஷ்டத்துக்கு மேல் கஷ்டம். இதை யார் அம்மா பார்ப்பார்கள் என்பது அவர்கள் கட்சி.

கதை அப்படித்தான் இருந்தது. 1901-ல் யாமகாத்தா சீமையில், பனி கொட்டுகிற ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவள் ஓஷின். வீட்டில் அரிசியோடு முள்ளங்கியை நறுக்கிப் போட்டுப் பொங்கின சோறு. அவளுக்கு ஏழு வயசாகும்போது, ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக, ஒரு மர வியாபாரி வீட்டில் குழந்தை சுமக்கிற வேலைக்கு அனுப்ப ஏற்பாடாகிறது. முதலில் மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். ஆனால் அம்மா, வயிற்றில் இருக்கிற சிசு தங்கக் கூடாதென்று, விறைக்கிற ஆற்று ஜலத்தில் இறங்கி நிற்பதைப் பார்த்துவிடுகிறாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. நான் போகிறேன் என்கிறாள். மொகாமி ஆற்றில் தெப்பம் நகருகிறது, பெற்றவர்கள் கரையிலே. இந்தக் காட்சிக்கு அழாதவர்கள் ஜப்பானில் இல்லை என்பார்கள்.

அந்தத் தெப்பம் கற்பனை அல்ல. யுத்தம் ஓய்ந்து, சாப்பாட்டுக்கே தட்டுக்கெட்ட நாளில் ஹஷிதா யாமகாத்தாவில் இருந்த உறவினரிடம் போயிருந்தார். சின்னப் பெண்கள் தெப்பமேறி வேலைக்குப் போன கதையை அங்கேதான் கேட்டார். வெகு காலம் கழித்து, மெய்ஜி காலத்தில் பிறந்த ஒரு மூதாட்டி தாம் பட்ட பாட்டையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதினார். இப்படிப் பலர் வாழ்வும் சேர்ந்ததுதான் ஓஷின்.

சரி, இத்தனை பேர் ஏன் பார்த்தார்கள்? ஊரெல்லாம் சொன்ன பதில் ஒன்றுதான்: பொறுமை! ஓஷினைப் போலப் பொறுத்துக்கொள் என்று பெரியவர்கள் உபதேசம் செய்தார்கள். நீரிழிவோடு மல்லுக்கட்டியே 1983-ல் ஸூமோ மல்யுத்தத்தின் உச்சப் பட்டத்தை எட்டிய தாகானோஸாதோ என்ற பயில்வானுக்குக்கூட 'ஓஷின் யோகோஸுனா' என்று பட்டப்பெயர். பாவம், அத்தனை பெரிய சரீரத்துக்கு ஒரு சின்னப் பெண்ணின் பெயர்.

ஹஷிதா அம்மையாருக்கு இந்தப் பதில் ருசிக்கவில்லை. பொறுமையைப் பற்றி எழுதவில்லை என்றார் அவர். தொடரின் முதல் நாள் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஓஷின் இப்போது எண்பது தாண்டிய கிழவி. பிள்ளை நடத்துகிற சூப்பர் மார்க்கெட்டின் பதினேழாவது கிளைக்கு அன்று திறப்பு விழா. மாலையும் வரவேற்பும் காத்திருக்க, பாட்டியைக் காணோம்! வீட்டை விட்டுப் போய்விட்டாள். எங்கே வழி தவறினோம் என்று தன் பழைய வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போகிறாள். அதுதான் கதை. ஜப்பானியர் பணம் சேர்த்தாயிற்று, இன்னும் எவ்வளவு வேண்டும், வழியில் எதைத் தொலைத்தோம் என்று கேட்கத்தான் எழுதினேன் என்பது அவர் விளக்கம். இன்னொன்றும் சொன்னார். சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவும் 1901-ல் பிறந்தவர். அவர் பார்க்க வேண்டும் என்றே ஓஷினுக்கும் அதே வயசு வைத்தாராம். சக்கரவர்த்தி பார்த்தார், ஜனங்கள் இப்படிக் கஷ்டப்பட்டது அப்போது எனக்குத் தெரியாது என்றார்.

பின்னே பொறுமை என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? என் ஊகத்தைச் சொல்கிறேன். குழந்தை ஓஷினாக வந்த அயாகோ கோபயாஷியின் முகம்தான் காரணம். அவள் வந்தது முதல் ஆறு வாரத்துக்குள்தான். மீதிப் பத்தரை மாதம் பெரியவர்கள் நடித்தது. ஆனால் முதுகில் குழந்தையோடு பனியில் நின்ற அந்த முகம் மனசிலிருந்து போகவில்லை. அழுகை ஞாபகம் இருந்தது, பிறகு அவள் செய்தது மறந்துபோயிற்று.

செய்தது என்ன? மர வியாபாரி வீட்டில் திருட்டுப் பழி சுமத்தியதும் பனிப்புயலில் கிளம்பிவிட்டாள். பதினாறு வயசில் அப்பா அவளைத் தகாத இடத்து வேலைக்கு அனுப்ப இருந்தபோது, டோக்கியோவுக்கு ஓடிக் கொண்டை போடக் கற்றுக்கொண்டாள். 1923 பூகம்பத்தில் புருஷனுடைய தொழிற்சாலை மண்ணோடு போக, ஸாகாவில் மாமியார் வீட்டில் போய் விழுந்தாள். அந்த மாமியார் படுத்திய பாடு இருக்கிறதே, எங்கள் ஊரை இப்படியா காட்டுவது என்று ஸாகா ஜனங்களே என்.எச்.கே.யிடம் சண்டைக்குப் போனார்கள்! அங்கே பிறந்த பெண் சிசுவும் தங்கவில்லை. ஓஷின் என்ன செய்தாள்? புருஷன் வராவிட்டால் போகட்டும் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். இஸேயில் தெருத் தெருவாக மீன் விற்றாள். கடைசியில் எண்பது வயசுக்கு மேல், பிள்ளையின் திறப்பு விழாவிலிருந்தும் கிளம்பிவிட்டாள். ஆக, நாலு தடவை! இவளைக் காட்டி மருமகளுக்குப் பொறுமையை உபதேசிக்கிறவர்கள் முழுக் கதையையும் பார்க்கவில்லை.

எழுதியவரும் லேசுப்பட்டவர் அல்ல. 1949-ல் ஷோச்சிக்கு சினிமாக் கம்பெனியின் கதை இலாகாவில் சேர்ந்த முதல் பெண் ஹஷிதாதான். பத்து வருஷம் கழித்து, கதை எழுதியது போதும், காரியதரிசி வேலைக்குப் போ என்றார்கள். ராஜிநாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு, டெலிவிஷனுக்கு எழுத வந்துவிட்டார்.