பாலில் ஒரு கண்!

முகப்பேர் சகோதரி ஒருவர் கேட்கிறார்: “பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுக்கிறேன். கை தவறுவதில்லையே, எப்படி?”

நல்ல கேள்வி, அம்மணி! கண் திரும்பும்போதெல்லாம் ஜாடியின் பிம்பம் விழித்திரையில் இடம் மாறுகிறது. ஜாடியோ வைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடுவது மூளை.

1985-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆண்டர்சன் குழுவினர் குரங்குகளின் பெருமூளையில், உச்சிக்குச் சற்றுப் பின்னால், சோதித்தார்கள். பிம்பம் விழித்திரையில் அதே இடத்தில் விழுந்தாலும், கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப நரம்பணுக்களின் துடிப்பு கூடியது, குறைந்தது. (குரங்குதானே என்று இளக்காரம் வேண்டாம். நமக்கும் ஏறக்குறைய அதே ஜாடைதான்!)

அந்தப் பகுதி பழுதானால், பார்வை இருந்தும் கை தம்ளரைத் தவறவிடும். 1909-லேயே ஹங்கேரி டாக்டர் பாலின்ட் இதை எழுதிவிட்டார். வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று இப்படி நேர்ந்தால், கண்ணாடிக் கடைக்கு அல்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.