குரல் இல்லாத பெட்டி

பெயரடைகளை விற்றுப் பிழைக்கிறவன் நான். கதாநாயகியின் குரலைத் 'தேன்' என்று எழுதினால் சன்மானம் தருகிறார்கள். யாரும் தராசைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆனால் அதே தேனை ஓர் ஆம்ப்ளிபயர் மேல் ஊற்றி லட்ச ரூபாய் கேட்கும்போது, எனக்குத் தொழில்முறையிலேயே கோபம் வருகிறது.

நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு, நெடுநாள் ஆசைப்படி ஒரு ஜோடி எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வாங்கினார். அதற்கு ஜோடியாகக் கடைக்காரர் ஒரு வால்வு ஆம்ப்ளிபயரைத் தலையில் கட்டினார். "வெண்ணெய் சார், வெண்ணெய்!" என்றாராம். ஆறு மாதம் கழித்துப் போனேன். ஸ்பீக்கர்களின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"காது போயிடுத்து ஐயா. தம்புராவில் அந்த ரீங்காரமே கேட்கவில்லை. வயசாச்சோ இல்லையோ!" என்றார்.

காது போகவில்லை. கணக்குத்தான் போயிருந்தது.

இந்த ஜாதி ஸ்பீக்கரின் மின்தடை ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒலி உச்சத்துக்கு ஏற ஏறத் தடை இறங்கும். 1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் ஸ்பீக்கரிலேயே அது மேல் எல்லையில் 2 ஓம் வரைக்கும் இறங்கியது. நண்பரின் ஆம்ப்ளிபயருக்கோ தன் வயிற்றுக்குள்ளேயே 2 ஓம் தடை. எதிரே 8 ஓம் இருந்தால் வோல்டேஜில் ஐந்தில் நாலு பங்கு ஸ்பீக்கருக்குப் போகும். எதிரே 2 ஓமாக இறங்கிவிட்டால் பாதிதான் போகும். வித்தியாசம் 4 டெசிபல். ரீங்காரம் போன இடம் அதுதான். அந்த நஷ்டத்துக்குத்தான் 'வெண்ணெய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்!

வால்வோடு எனக்குப் பகை இல்லை. 1947-இல் வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்ட ஆம்ப்ளிபயரும் வால்வுதான். அதன் பெருமையே தன் குரலை அடக்கிக்கொண்டதில் இருக்கிறது. தபால்காரன் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். நடுவழியில் பிரித்து நாலு வரி இனிமையாகச் சேர்க்கக்கூடாது.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறு. உள்தடை எவ்வளவு? ஓம் இறங்கும்போது கரண்ட் தர இதற்குத் திராணி உண்டா? 8 ஓமில் 20 வோல்ட் என்றால் இரண்டரை ஆம்பியர், 50 வாட். அதே 20 வோல்ட் 2 ஓமில் 10 ஆம்பியர், 200 வாட். அங்கே மூச்சு வாங்குகிற பெட்டி, பழியை ஸ்பீக்கர் மேல் போடும்; ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அதற்காக ராட்சசப் பெட்டியும் கூடாது. அந்தப் பழைய குவாட்டுக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே பொறி பறந்து கெட்டுப்போகும்.

"சங்கீதத்தை எண்ணால் அளக்க முடியுமா?" என்று ரசிகர்கள் சீறுவார்கள். சங்கீதத்தை யார் அளக்கச் சொன்னார்கள்? பெட்டியை அளக்கச் சொல்கிறேன். 1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர், விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிபயரின் நாதத்தைத் தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் வரவழைப்பதாக 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார். ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் அநேகமாகச் சூனியம் என்னும்வரை திருத்தினார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேன் என்பது பற்றவைக்கும் கோலுக்குக் கட்டுப்பட்ட சரக்கு என்று அன்றே தெரிந்துபோயிற்று.

இனிப்புத்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அதைத் 'தெளிவு' என்று சொல்லி விற்காதிருந்தால் போதும்.

நண்பருக்கு, உள்தடை மிகக் குறைந்த சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுபோய் மாட்டினேன். தம்புரா ஆரம்பித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மனிதரை ஆறு மாதம் தன் காதையே சந்தேகிக்க வைத்த வியாபாரத்துக்கும் ஒரு பெயரடை உண்டு. என் கைவசம் இருக்கிறது. பத்திரிகையில்தான் போடமாட்டார்கள்.